பெரியப்பாவா, சித்தப்பாவா? குளச்சலிலிருந்து நியா டிராங் வரை

ஞாயிறு இரவு, குளச்சல்

நாளை காலை நாகர்கோவிலிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில். நள்ளிரவுக்குப் பின் கொச்சியிலிருந்து வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்கு நேரடி விமானம். பயண நிறுவனம் எதையும் நாடவில்லை. இணையவழி விசாவுக்கு 25 டாலர் கட்டி விண்ணப்பித்ததும், தங்குமிடங்களைப் பதிந்ததும், ரயில் சீட்டு எடுத்ததும் நாங்களே. போகிறவர்கள் இருவர்: நாகர்கோவிலுக்கு அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் நானும், என் அம்மாவின் தம்பியான மாமாவும்.

மாமாவுக்கு வயது 64. கட்டுமரத்தில் தொடங்கி வள்ளம், விசைப்படகு என்று ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கடலில் உழைத்தவர். அவற்றில் ஒன்பது ஆண்டுகள் பஹ்ரைனில் ஒப்பந்தக் கூலியாக மீன் பிடித்தவர். வியட்நாம் மீனவர்கள் மூங்கிலால் முடைந்த வட்டக் கூடையில் ஏறிக் கடலுக்குப் போவதைச் செல்பேசியில் பார்த்த நாளிலிருந்து, "அதெ ஒருக்கா நேர்ல பாக்கணும் மக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பயணத்துக்கு அதுவே காரணம்.

மூன்று மாதங்களாக நான் ஒரு செயலியின் உதவியோடு வியட்நாமிய மொழியைப் படித்து, நூற்றிருபது சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மாமா எதையும் படிக்கவில்லை. பஹ்ரைனில் முதல் ஆண்டை ஐம்பது அரபிச் சொற்களை வைத்துக்கொண்டே கடத்தியதாகவும், அவற்றில் முப்பது சொற்கள் படகையும் வலையையும் சோற்றையும் பற்றியவை என்றும் சொல்கிறார். எங்கள் இருவரில் யாருடைய முறை பயன்படும் என்பதை எழுதிப் பார்க்கவே இந்த நாட்குறிப்பு.

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வரும் கூட்டத்தில் தமிழ் அறியாதவர்கள் ஏராளம். சங்கும் பாசிமணியும் விற்பவர்கள் இந்தியிலும் வங்காளத்திலும் மலையாளத்திலும் விலை சொல்வதையும், அதற்கு மேல் தேவைப்பட்டால் கால்குலேட்டரை நீட்டுவதையும் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். மொழி தெரியாத ஊரில் வந்து நிற்பவரின் முகம் எப்படி இருக்கும் என்பது எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். அந்த முகத்தோடு நிற்பது எப்படி இருக்கும் என்பதைத்தான் இனி அறிய வேண்டும்.

செவ்வாய், ஹோ சி மின் நகரம்

இந்திய நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னே ஓடும் கடிகாரத்தோடு காலையில் இறங்கினோம். ஊர்மக்கள் பலர் இன்னும் சைகோன் என்ற பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். விமான நிலையத்தில் சிம் அட்டை வாங்கி, கிராப் செயலியில் வண்டி அழைத்துத் தங்குமிடம் சேரும் வரை ஒரு சொல்கூடப் பேசத் தேவைப்படவில்லை. செயலியே விலை சொல்லிவிடுகிறது, வழியும் சொல்லிவிடுகிறது. இப்படியே எட்டு நாளும் ஊமையாகச் சுற்றிவிட்டுத் திரும்ப முடியும் என்று தோன்றியபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. படித்த நூற்றிருபது சொற்களும் குறிப்பேட்டிலேயே கிடந்துவிடுமோ என்று கவலைதான் வந்தது.

மாலையில் நடைபாதையில் ஒரு பெண் மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்தார். மாமா ஒரு கிலோ அளவுக்குப் பொறுக்கி வைத்துவிட்டு, விலை என்ன என்று கேட்கும் விதமாக, விரித்த கையை மணிக்கட்டில் ஒரு முறை திருப்பினார். அந்தப் பெண் பழங்களைத் திரும்பவும் கூடையில் போட்டுவிட்டார். மாமா மறுபடி பொறுக்கினார், மறுபடியும் கையைத் திருப்பினார், அவரும் மறுபடி எடுத்துப் போட்டார். சற்று நேரத்தில் வேறு ஒருவர் வந்து ஏதோ கேட்க, பழக்காரப் பெண் அதே போலக் கையைத் திருப்பிக் காட்டி அவரை அனுப்பிவைத்தார். நம் ஊரில் 'என்ன?' என்றும் 'எங்கே?' என்றும் கேட்கும் அந்த அசைவுக்கு இங்கே 'இல்லை', 'வேண்டாம்' என்று பொருள் என்பது அப்போதுதான் விளங்கியது. பேச்சு தெரியாவிட்டால் சைகையால் சமாளிக்கலாம் என்று ஊரில் பலர் தைரியம் சொல்லி அனுப்பினார்கள். சைகைக்கும் ஊருக்கு ஊர் இலக்கணம் உண்டு.

பணத்தைப் பற்றி ஒரு குறிப்பு. நம்முடைய ஒரு ரூபாய் ஏறத்தாழ 300 டோங். 20,000 டோங் தாளும் 5,00,000 டோங் தாளும் நீலச் சாயலில் இருப்பதால் மங்கிய விளக்கில் ஒன்று மற்றொன்றாகத் தெரிகிறது. பழத்துக்கு நான் பெரிய தாளை நீட்டிவிட்டேன். அந்தப் பெண் அதைத் திருப்பித் தந்து, என் பணப்பையைத் தானே சுட்டிக்காட்டிச் சிறிய தாளை எடுக்க வைத்தார். அதன் பிறகு பெரிய தாள்களை மாமாவின் சட்டைப் பையிலும் மற்றவற்றை என்னிடமும் பிரித்து வைத்துக்கொண்டோம்.

புதன், ஹோ சி மின் நகரம்

இது தவக்காலம். எங்கள் கடற்கரையில் பலரைப் போல மாமாவும் நாற்பது நாளும் இறைச்சி தொடுவதில்லை, மீன் உண்பார். இங்கே மூலை தோறும் கிடைக்கும் ஃபோ என்ற நூடுல்ஸ் கிண்ணம் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில் செய்தது. 'சைவம்' என்பதற்கு நான் படித்து வைத்திருந்த சொல்லைச் சொன்னால் மீனும் சேர்ந்து போய்விடும். எனவே, இறைச்சி உண்பதில்லை, மீன் உண்பேன் என்று ஐந்து சொற்களில் ஒரு வாக்கியம் அமைத்துக் கொடுத்தேன்: "கோங் ஆன் தித், ஆன் கா." மாமா அதை மனப்பாடம் செய்துகொண்டு, சோற்றுக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக வைத்திருந்த தட்டுகளுக்கு முன் நின்று தெளிவாகச் சொன்னார். கடைக்காரர் சோற்றின் மேல் கத்திரிக்காய் வைத்துக் கொடுத்தார்.

குற்றம் தொனியில் இருந்தது. வியட்நாமிய மொழியில் ஒரே அசை, குரல் ஏறினால் ஒரு சொல், தாழ்ந்தால் வேறு சொல். வடக்கே ஆறு தொனிகள். தெற்கே அவற்றில் இரண்டு ஒன்றாகக் கலந்து ஐந்தாகிவிட்டன. 'கா' என்பதைக் குரல் உயர்த்திச் சொன்னால் மீன். தாழ்த்திச் சொன்னால் கத்திரிக்காய். தமிழில் வாக்கியம் முடியும்போது குரல் இயல்பாகத் தாழும். மாமாவின் மீனும் அப்படித்தான் தாழ்ந்து கத்திரிக்காய் ஆனது. "மீனா?" என்று கேட்கும்போது நம் குரல் எப்படி ஏறுமோ அப்படிச் சொல்லும்படி நான் சொன்னேன். அன்று இரவு அவருக்கு மண்சட்டியில் வற்றவைத்த மீன் கிடைத்தது. புளிப்பு இல்லை, இனிப்புத் தூக்கல், ஆனாலும் எங்கள் வீட்டுப் புளிமுளம் என்ற மீன் குழம்பு போலச் சட்டியோடு கொதித்துக்கொண்டே வந்தது என்று இரண்டாம் முறை சோறு வாங்கி உண்டார்.

இன்றைய நாளின் பெரிய பேறு மதியம் கிடைத்தது. ஒரு சந்துக்குள் தாழ்ந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்ட காப்பிக் கடையில் அமர்ந்தோம். நான் குறிப்பேட்டைப் பார்த்து, 'நான்' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் செயலி கற்றுத் தந்த சொற்களை வைத்து ஒரு வாக்கியம் சொன்னேன். கடை நடத்தும் பெண்மணிக்குப் புரிந்தது. ஆனால் முகத்தில் ஒரு விலகல் தெரிந்தது. பிறகு அவர் என்னை நோக்கி ஏதோ கேட்டார். அதில் 'வயது' என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. தாளில் 47 என்று எழுதினேன். அவர் 53 என்று எழுதித் தன் நெஞ்சைத் தொட்டு "சி" என்றார், என்னைத் தொட்டு "எம்" என்றார். மாமாவின் வயதைப் பார்த்ததும் அவரை "ஆன்" என்றார்.

பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு கல்லூரி மாணவருக்கு ஆங்கிலம் ஓரளவு வந்தது. அவர் எனக்கு விளக்க முற்பட்டார். சி என்றால் அக்காள், ஆன் என்றால் அண்ணன், எம் என்றால் தம்பி அல்லது தங்கை. இங்கே யாரும் யாரையும் வெறும் 'நீங்கள்' என்று அழைப்பதில்லை, வயதைக் கேட்டு உறவை முடிவு செய்த பிறகுதான் பேச்சே தொடங்கும், அதனால் முன்பின் அறியாதவரிடம் வயது கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது என்றார். பெற்றோரின் உடன்பிறந்தாரைப் பற்றிச் சொல்ல வந்தபோது அவருடைய ஆங்கிலம் முட்டி நின்றது. "அங்கிள்" என்றார், "இன்னொரு அங்கிள்" என்றார், "அது வேறு அங்கிள்" என்று சொல்லிக் கையைப் பிசைந்தார். நான் தாளை வாங்கி அப்பா, அம்மா என்று இரண்டு கட்டங்கள் போட்டு அவரிடமே கொடுத்தேன். அவர் நிரப்ப நிரப்ப எனக்கு உடல் சிலிர்த்தது. அப்பாவின் அண்ணன் பாக், தம்பி சூ. அதாவது பெரியப்பா, சித்தப்பா. அப்பாவின் உடன்பிறந்தாள் கோ, நம் அத்தை. அம்மாவின் உடன்பிறந்தான் கவ். இதோ பக்கத்தில் அமர்ந்திருக்கும் மாமா. அம்மாவின் உடன்பிறந்தாள் யீ; சின்னம்மா, சித்தி. ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லுக்குள் அவர் அடைக்க முடியாமல் தவித்ததெல்லாம் தமிழில் எனக்குப் பிறந்த நாளிலிருந்தே தெரிந்தவை.

வேறுபாடுகளும் உண்டு. பெண் கொடுத்தவரையும் மாமா என்னும் நம் வழக்கம் அவர்களிடம் இல்லை. மாமனாருக்கு வேறு சொல். ஆனால் இன்னொரு பொருத்தம் என்னை வியக்க வைத்தது: பேசுகிறவர் தம்மையே உறவுப் பெயரால் குறிப்பது. அக்காளிடம் நான் 'தம்பிக்குக் காப்பி வேண்டும்' என்றுதான் கேட்க வேண்டும். நம் வீடுகளில் "பாட்டி சொல்றேன், கேளு" என்பதும் அதே மரபுதான். நான் அடுத்த காப்பியை அவ்வாறு கேட்டதும் அந்தப் பெண்மணியின் முகத்தில் இருந்த விலகல் போய்விட்டது.

இரவு குறிப்பேட்டைத் திறந்து, முதல் பக்கத்தில் இருந்த 'நான்', 'நீங்கள்' இரண்டையும் அடித்துவிட்டு, உறவுப் பெயர்களை அங்கே எழுதினேன். மாமா சொன்ன திருத்தம் இதுதான்: "பேரு பெறவு கேட்டுக்கிடலாம், மொதல்ல வயசெ கேளு."

வியாழன், ரயிலில்

சைகோனிலிருந்து கடற்கரை நகரமான நியா டிராங் 411 கிலோமீட்டர். ஏறக்குறைய எட்டு மணி நேரம். ஹனோய் வரை 1,726 கிலோமீட்டர் நீளும் தடத்தில் இது ஒரு துண்டு. ரயில் நிலையத்துக்கு இங்கே 'கா' என்று பெயர், தொனியின்றிச் சமமாக; பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். எங்கள் வீட்டில் நாற்காலியைக் கசேரை என்பார்கள். அது போர்த்துகீசியர் விட்டுப்போனது.

எதிர் இருக்கையில் ஒரு மூதாட்டி. மாமா அவருடைய வயதைக் கேட்டார். எண்பத்தொன்று என்று விரல்களால் வந்தது. 'பா' என்று பாட்டி முறை சொல்லி அழைத்தோம். அவர் பையிலிருந்து வாழையிலையில் பொதிந்த ஒன்றை எடுத்துப் பிரித்தார். அவித்த மரச்சீனி எனும் மரவள்ளிக் கிழங்கும் தேங்காய்ப் பாலும். மாமா வாயில் போட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. காந்தாரி மிளகாய் அரைத்து வைத்திருந்தால் விளவங்கோட்டில் இருப்பதாகவே நினைத்திருப்பேன் என்று பின்னர் சொன்னார்.

நான் 'ஆம்' என்பதற்குப் படித்த சொல் வடக்கத்தி வழக்காம். இங்கே பணிவாக "யா" என்கிறார்கள். செயலி 'ஸி' என்று ஒலித்துக் காட்டிய சித்தி, தெற்கே 'யீ' ஆகிவிடுகிறார். சென்னையில் தமிழ் படித்த ஒருவர் குளச்சல் ஏலக்கூடத்துக்கு வந்து நின்றால் அவருக்கும் இப்படித்தான் இருக்கும்.

பிற்பகலில் வறண்ட நிலமும் உப்பளமும் காற்றாலைகளும் கடந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டும்போது தெரியும் காட்சிதான், கடல் மட்டும் பக்கத்தில். தாப் சாம் என்ற நிலையத்தில் ரயில் நின்றது. 'சாம் மக்களின் கோபுரம்' என்று பொருள்; இந்தக் கரையைப் பண்டு ஆண்ட சாம்பா அரசின் மக்கள் அவர்கள். அருகில் குன்றின் மேல் நிற்கும் பழைய சிவன் கோயிலால் வந்த பெயர். இறங்க நேரமில்லை.

வெள்ளி, நியா டிராங், ஹோன் ரோ மீன்பிடித் துறைமுகம்

விடியற்காலை நாலரை மணிக்குத் துறைமுகத்தில் இருந்தோம். வழி கேட்கத் தேவையில்லாமல் மாமா மணத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தார். நீலம் பூசிய படகுகள், முகப்பில் இருபுறமும் வரைந்த கண்கள். நம் படகுகளில் புனிதர்களின் பெயர் இருக்கும் இடம் அது. பனிக்கட்டி உடைக்கும் ஓசை, ஈரத் தரையில் கூடை இழுபடும் ஓசை, பெண்கள் விலை பேசும் உரத்த குரல் எல்லாம் குளச்சலில் கேட்பவைதான்.

மாமா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒரு தள்ளுவண்டி சக்கரம் சிக்கி நின்றபோது போய் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். அந்த வண்டிக்குரிய பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். மாமா உடனே வயதைக் கேட்டார். அவருக்கு 59. தொடர்ந்து அந்தப் பெண்மணி ஒரு கேள்வி கேட்டார். குறிப்பேட்டில் விடை இல்லை. அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாமாவைச் சுட்டினார். உடன்பிறந்தாரில் எத்தனையாவது என்று கேட்கிறார் என்பதை மாமாவே ஊகித்து நான்கு விரல் காட்டினார். "ஆன் நம்" என்றார் அவர். 'நம்' என்றால் ஐந்து. நான் திருத்தப் போனேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். தெற்கு வியட்நாமில் மூத்த பிள்ளையை 'இரண்டு' என்று அழைக்கத் தொடங்குவார்கள் என்பதை மாலையில் தங்குமிடத்தில் அறிந்தேன். நான்காவதாகப் பிறந்த மாமா அதனால்தான் ஐந்தாம் அண்ணன் ஆனார். மூன்றாவதாகப் பிறந்த அவர் 'தூ', அதாவது நான்கு.

நான் அவரை என்ன சொல்லி அழைப்பது? வயதைப் பார்த்தால் அக்காள் என்றும் சொல்லலாம். ஆனால் மாமா அவருக்கு அண்ணன் ஆகிவிட்டார். மாமாவின் தங்கை எனக்குச் சித்தி. "யீ தூ" என்று அழைத்தேன். அவர் ஒரு கணம் என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். கணக்கைப் புரிந்துகொண்டதும் கைதட்டிச் சிரித்துப் பக்கத்துப் பெண்களிடம் அதைச் சொன்னார். அன்று முழுவதும் என்னை 'கோன்', பிள்ளை, என்றே அழைத்தார். வெளிநாட்டில் எனக்குக் கிடைத்த வரவேற்புகளில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல மாட்டேன்.

அடுத்த இரண்டு மணி நேரம் மீன்களின் பெயர்களில் கழிந்தது. மாமா ஒன்றைத் தூக்கித் தமிழில் சொல்வார், சித்தி அவர்கள் மொழியில் சொல்வார், சித்தியின் மகன் என் குறிப்பேட்டில் எழுதித் தருவான். பொருளை இரவில் தேடிப் பார்த்தேன். நெத்திலிக்குச் 'சோற்று மீன்' என்று பெயர். அதை மூன்று பங்குக்கு ஒரு பங்கு உப்பு என்ற கணக்கில் தொட்டியில் அடைத்து, ஓராண்டு கழித்து வடிப்பதுதான் இவர்கள் சோற்றில் விடும் மீன் சாறு. அயிலைக்கு 'வெள்ளிக் கன்னம்'. கணவாய் மீனுக்கும் எழுதும் மைக்கும் ஒரே சொல். என்னை நிறுத்தி வைத்தது வாவல். நாம் அந்த மீனை வௌவாலாகக் கண்டு பெயர் வைத்தோம். இவர்கள் அதற்குப் 'பறவை மீன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு கரைகளின் மனிதர்கள் அந்தத் தட்டையான உடலில் சிறகைப் பார்த்திருக்கிறார்கள்.

ஏழு மணி அளவில் மாமா ஒரு கூடைக்குள் கைவிட்டு ஓரா மீனை எடுத்தார். பேச்சு மும்முரத்தில் பிடி தவறி முதுகு முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. ஓராவின் முள் நஞ்சுள்ளது. வலி தோள் வரை ஏறும். மாமா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், முகம் வேர்த்தது. நான் நடுங்கும் விரல்களால் குறிப்பேட்டைப் புரட்டினேன். தண்ணீர் ஒரு பக்கத்தில் இருந்தது, சூடு வேறொரு பக்கத்தில் இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லி முடிப்பதற்குள் சித்தி தேநீர்க் கடையை நோக்கிக் கத்திக்கொண்டே ஓடிவிட்டார். ஒரு சட்டி வெந்நீர் வந்தது. தம் கையை முதலில் நனைத்துப் பதம் பார்த்துவிட்டு மாமாவின் கையை அதில் அமிழ்த்திப் பிடித்துக்கொண்டார். ஆறினால் மாற்றுவதற்கு இன்னொரு கெண்டியும் பக்கத்தில் வந்தது. மீன்முள்ளின் நஞ்சு சூட்டில் முறியும் என்பது எங்கள் கரையில் குழந்தைகளுக்கும் தெரியும். அந்த அரை மணி நேரத்தில் எவரும் எதையும் மொழிபெயர்க்கவில்லை. என் நூற்றிருபது சொற்களைவிட மாமாவின் முறை மேலானது என்று அங்கே எனக்குப் படவில்லை. அந்தப் பெண்மணி ஓடியது ஒரு தொழிலின் அறிவால், அதோடு காலையில் அண்ணன் என்று அழைத்துவிட்ட உறவாலும் என்றே நான் நம்புகிறேன்.

வலி தணிந்த பிறகு கூடைப் படகைப் பார்க்கப் போனோம். பெரும்பாலானவை இப்போது பிளாஸ்டிக் கலவையால் ஆனவை. ஒன்றே ஒன்று பழைய மூங்கில் படகு கவிழ்த்து வைத்திருந்தது. மூங்கில் பின்னலின் இடைவெளியைச் சாணத்தாலும் மரப்பிசின் எண்ணெயாலும் அடைப்பது பழைய முறை. மாமா இடது கையால் தடவி முகர்ந்து பார்த்தார். "நம்ம கொல்லாங்கொட்ட எண்ணெ பூசுகது போலயாக்கும்" என்றார். அவர் சொன்னது முந்திரிக்கொட்டை எண்ணெயை. அன்று அவரால் துடுப்புப் பிடிக்க முடியவில்லை.

சனி, நியா டிராங்

மாமாவின் கை வீக்கம் வடிந்துவிட்டது. மருந்தகத்தில் கட்டுத்துணி வாங்கியபோது படத்தைக் காட்டியே வாங்கினேன். மருந்து விஷயத்தில் என் தொனியை நம்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

மாலையில் போ நகர் கோயிலுக்குச் சென்றோம். எட்டாம் நூற்றாண்டிலிருந்து சாம்பா அரசர்கள் எழுப்பிய செங்கல் கோபுரங்கள், ஆற்றுமுகத்தில் கடலைப் பார்த்து நிற்கின்றன. உள்ளே பத்துக் கைகளோடு அமர்ந்த தேவி. சாம் மக்களின் தாய்த் தெய்வத்தை வியட்நாமியர் தங்கள் பெயரிட்டு வணங்குகிறார்கள். நான் குமரி பகவதியை நினைத்துக்கொண்டேன். அதிகம் எழுத இயலவில்லை, கூட்டம் மிகுதி.

ஞாயிறு, நியா டிராங்

பாறை மேட்டில் நிற்கும் பேராலயத்தில் காலைத் திருப்பலி. எங்களுக்கு ஒரு வாக்கியமும் புரியவில்லை, ஆனால் எந்த இடத்திலும் வழி தவறவும் இல்லை. ஊதா நிற உடை தவக்காலத்தைச் சொன்னது. எப்போது எழ வேண்டும், எப்போது மண்டியிட வேண்டும் என்பதை முழங்கால்கள் அறிந்திருந்தன. வியட்நாமியர் சொன்ன மறுமொழிகளுக்கு நடுவே மாமா தம்முடைய தமிழ் மறுமொழிகளைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அருட்பணியாளர் மக்களை வாழ்த்திய இடத்தில் மூன்று சொற்கள் என் காதில் விழுந்தன: ஆன், சி, எம். ஆண்டவர் உங்களோடு இருப்பாராக என்பதில் வரும் 'உங்களோடு' இங்கே 'அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கையரே' என்று ஆகியிருந்தது. இந்த மொழிக்கு வேறு வழியும் இல்லை.

அங்கே அமர்ந்திருந்தபோது கோட்டாறு சவேரியாரை நினைத்தேன். 1542ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தமிழ் அறியாதவர்; செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடம் செய்துகொண்டு ஊர் ஊராக நடந்தார். 1544ன் இறுதியில் எங்கள் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பத்தாயிரம் பேரில் எங்கள் முன்னோரும் இருந்திருக்கலாம். சொன்னவருக்கும் கேட்டவருக்கும் இடையில் எவ்வளவு புரிந்திருக்கும் என்ற கேள்வி என்னைப் பல காலம் உறுத்தியதுண்டு, இப்போதும் உறுத்துகிறது. மொழியாசிரியனாக என் மதிப்பு, அவருக்குப் பின் வந்து தமிழை முறையாகக் கற்று, 1578ல் கொல்லத்தில் தமிழ் நூலை அச்சேற்றிய அண்டிரிக் அடிகளாருக்கே கூடுதலாக உண்டு. வியட்நாமிய மொழியின் ஏற்ற இறக்கங்களை ரோமன் எழுத்தின் மேல் குறிகளாக இட்டு, 1651ல் ரோமில் அகராதி வெளியிட்ட அலெக்சாண்டர் டி ரோட்ஸும் அதே இயேசு சபையைச் சேர்ந்தவர். கையில் இருந்த பாட்டுத்தாளை எழுத்துக்கூட்டி நான் வாசிக்க முடிந்தது அவருக்கு முன்னோடியாக உழைத்த போர்த்துகீசியத் துறவிகளாலும் அவராலும்தான். ஐந்து சொற்களை ஒழுங்காகச் சொல்ல நாங்கள் படும் பாட்டைப் பார்த்த பிறகு, ஒரு மொழி முழுவதையும் காதால் கேட்டே வகுத்தவர்களின் பொறுமை எனக்குப் புதிதாக விளங்குகிறது.

திங்கள், ஹோன் ரோ, பிறகு இரவு ரயில்

விடைபெறச் சென்றோம். மாமாவின் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சித்தி ஏதோ கடிந்துகொண்டார். அண்ணனைத் தங்கை கடியும் குரல். பிறகு மகனை அழைத்து மாமாவைக் கூடைப் படகில் ஏற்றச் சொன்னார். வட்டத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. துடுப்பை ஒரு பக்கம் போட்டால் அது நின்ற இடத்திலேயே சுழல்கிறது. முகப்பில் துடுப்பை நேர்க்குத்தாகப் பிடித்து, எட்டு வரைவது போல அலைத்தால்தான் முன்னே நகரும். மாமா இருபது நிமிடம் சுழன்றார், பிறகு ஒரு படகு நீளத்துக்கு நேராகப் போனார். கரையில் இருந்தவர்கள் "நம், நம்" என்று அவருடைய எண்ணைச் சொல்லிக் கூவினார்கள்.

இங்கே வாட்ஸ்அப்பைவிட ஸாலோ என்ற செயலிதான் புழக்கம். சித்தியின் மகன் எங்களுக்காகவே வாட்ஸ்அப்பை இறக்கிக்கொண்டான்.

அடுத்த புதன், குளச்சல்

ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. குறிப்பேட்டில் பதினேழு மீன்களுக்கு இரண்டு மொழியிலும் பெயர் இருக்கிறது. வாளைக்கு எதிரே மட்டும் இடம் காலியாகக் கிடந்தது. அன்று அந்தத் துறைமுகத்தில் வாளை வரவில்லை. இன்று காலை இங்கே வந்த மடிவலையில் வாளை நிறைய இருந்தது. மாமா ஒன்றை நீளமாக மணலில் கிடத்திப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: இரண்டு சொற்கள், இரண்டாவதன் மேல் ஒரு கொம்பு, அதற்கும் மேல் ஒரு குறி. எழுத்தைப் பார்த்துச் சொன்னால் மறுபடியும் கத்திரிக்காய் ஆகிவிடும் என்று மாமா எழுத்தை ஏற்கவில்லை. சித்தியின் வாயால் கேட்க வேண்டும் என்றார். எழுதிக் கேட்டேன். குரல் பதிவு வந்தது. பின்னணியில் பனிக்கட்டி உடையும் ஓசை, அதற்கு முன்னால் அவருடைய குரல்: "ஆன் நம், கா ஹோ." கடைசிச் சொல்லில் குரல் ஏறியது. மாமா செல்பேசியைக் காதோடு வைத்து மூன்று முறை கேட்டுவிட்டு, ஏலக்காரரிடம் போய் அந்த மீனைக் காட்டி, "கா ஹோ" என்று, குரலை ஏற்றியே சொன்னார்.